கெட்டிலில் வெளுத்த ரெசின்

1983 மார்ச் 14, திங்கட்கிழமை. வழக்கம்போல எழுந்ததும் அடுப்படி விளக்கைப் போட்டேன். கோப்பிக்கு வெந்நீர் வைத்தேன். அது கொதிக்கும்வரை நாட்குறிப்பைத் திறந்து, முந்தைய நாளில் விட்டுப்போன ஒன்றைச் சேர்த்தேன். ஞாயிறு பூசை முடிந்து திரும்பும் வழியில், ஜாலான் புசாரில் ஒரு கார்ப் பட்டறையிலிருந்து என் மைத்துனன் தகர டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். என்னை அவன் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் போய்விட்டான். "அல்லது" என்று எழுதிய பிறகுதான் எனக்குக் கோப்பி ருசித்தது.

நாங்கள் தேக்காச் சந்தைக்கு மேலே இருந்த அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். சாப்பாட்டுத் தூக்கை மூடிக் கொடுத்த மனைவியிடம், "உன் தம்பி நேத்து ஜாலான் புசாருக்கு எதுக்குப் போனான்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான பாத்தீங்க, கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"கையில டின் இருந்துச்சு."

"டின்தான? துப்பாக்கி இல்லையே. மீன் வாங்குனா செவுளைத் தூக்கிப் பாக்குறீங்க, முட்டை வாங்குனா ஆட்டிப் பாக்குறீங்க. என் தம்பியையும் ஒரு நாள் தூக்கி ஆட்டிப் பாருங்க, தெரிஞ்சுடும்."

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஜூரோங்கில், வண்ணப்பூச்சு ஆலைகளுக்கு ரெசின் என்ற செயற்கைப் பிசின் செய்து விற்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் சோதனைக்கூடம் என் பொறுப்பு. உள்ளே வருகிற சரக்கையும் வெளியே போகிற சரக்கையும் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தக் குணத்தைக் கழற்றிவைக்க முடியவில்லை என்பது மனைவியின் நெடுநாள் புகார்.

மைத்துனனும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தான். என் சிபாரிசில் சேர்ந்தவன். கெட்டில் ஆப்பரேட்டர். கெட்டில் என்று நாங்கள் சொன்னது இரண்டு ஆள் உயரமுள்ள எஃகு உலையை. மூலப்பொருள்களை அதில் ஏற்றி, சூடாக்கி, கலக்கி, ரெசினாக இறக்குவது அவன் வேலை. ஆங் மோ கியோவில் என் மாமியாருடன் இருந்தான். தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம் குறித்திருந்தார்கள். பெண் கேலாங்கைச் சேர்ந்தவள். பையனுக்கு நிலையான வேலை, வேலையில் நல்ல பெயர் என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பெண்ணின் அப்பா தலையசைத்தார். அந்தச் சொல்லுக்கு நான் பிணை. டின்னைப் பற்றி நான் யோசித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறுவனத்தின் பேருந்து சிராங்கூன் சாலை முனையில் எங்களை ஏற்றிக்கொண்டது. ஆலையில் இறங்கியதும் தராசைச் சமன் செய்தேன், அடுப்பைச் சூடேற்றினேன், சனிக்கிழமை மாதிரிகளை அலமாரியில் அடுக்கினேன். வாசல் வழியாக மைத்துனன் போவது தெரிந்தது. கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். டின்னைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் விடை தயாராகிவிடும். தானாக வெளிவரட்டும் என்று இருந்தேன்.

அன்று கெட்டிலில் ஏற்றியது புதிய சரக்கு. நாங்கள் அன்றாடம் செய்த ரெசினின் மூலக்கூறுகள் அப்படியும் இப்படியும் ஓடுகிற நூல்கள். இந்தப் புதியதில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு சீப்பு. நடுவில் ஒரு முதுகு, அதிலிருந்து கிளைத்து நிற்கும் பற்கள். ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுத்த அமிலத்தைக் கோத்துப் பற்களை முன்னாலேயே தயாரித்து வைத்திருந்தோம். அவற்றைச் சைலீன் என்ற கரைப்பானில் கரைத்துச் சூடாக்கிக்கொண்டு, மூக்கை அறுக்கும் வாடையுள்ள ஓர் அக்ரிலிக் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து முதுகாக நீளும். நீளும்போதே வழியில் கிடைக்கும் பற்களையும் தன்மேல் பொருத்திக்கொள்ளும். சில வாரங்களுக்கு முன் சோதனைக்கூடத்தில், அங்கே புட்டியில் இருந்த சைலீனைக் கொண்டு, ஒரு கண்ணாடிக் குடுவையில் இதை நானே செய்து பார்த்திருந்தேன். தேன் மாதிரி தெளிவாகவும் தேன் மாதிரி கெட்டியாகவும் வந்தது. கெட்டிலிலும் அப்படியே வரும் என்று மேலாளரிடம் எழுத்தில் கொடுத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் மைத்துனன் சோதனைக்கூட வாசலில் வந்து நின்றான். உள்ளே வரும்போது ஏதாவது கிண்டல் அடிக்காமல் வரமாட்டான். அன்று அடிக்கவில்லை.

"அத்தான், கெட்டிலைக் கொஞ்சம் வந்து பாருங்க."

"என்ன?"

"வெள்ளையா இருக்கு."

"எது?"

"உள்ள இருக்கிற எல்லாமேதான். பால் மாதிரி."

நான் எழுந்து போனேன். கெட்டிலின் பார்வைக் கண்ணாடி வழியாக உள்ளே விளக்கடித்தேன். அவன் சொன்னதில் மிகையில்லை. தேனை எதிர்பார்த்த இடத்தில் பால் சுழன்றுகொண்டிருந்தது.

"எப்ப இப்படி ஆச்சு?"

"முதல்ல தெளிவாத்தான் இருந்துச்சு. சொட்டு பாதி போனப்புறம் லேசா நீலமாத் தெரிஞ்சுது. வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுவோமே, அந்தத் தண்ணி மாதிரி. கண்ணாடில அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க வெள்ளையாப் போயிடுச்சு."

"நீலமாத் தெரிஞ்சப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கண்ணாடியைத் தொடச்சியான்னு கேட்டிருப்பீங்க."

உண்மைதான். கேட்டுத்தான் இருப்பேன்.

என் முதல் சந்தேகம் தண்ணீர். கெட்டிலுக்குள் குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள் உண்டு. அதில் ஊசித்துளை விழுந்தாலும் ரெசின் வெளுத்துவிடும். ஒரு கரண்டி மாதிரியை எடுத்துச் சுடுதட்டில் விட்டேன். தண்ணீர் இருந்தால் கடுகு மாதிரி வெடிக்கும். வெடிக்கவில்லை. சத்தமில்லாமல் புகைந்து, ஒளி ஊடுருவும் ஏடாகக் காய்ந்தது. வெள்ளைத் திரவம் காய்ந்தால் தெளிவான ஏடு வருவானேன்? அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து கெட்டித்தன்மை. ஒரு குறுகிய கண்ணாடிக் குழாயில் ரெசினை ஊற்றி, கொஞ்சம் காற்று விட்டு அடைத்து, தலைகீழாகத் திருப்புவோம். காற்றுக்குமிழி மெதுவாக ஏறினால் சரக்கு கெட்டி. அன்று குழாயைத் திருப்பி முடிப்பதற்குள் குமிழி மேலே போய் உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார். சீனர், பொறியியல் படித்தவர், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. எங்களிடம் ஆங்கிலத்தோடு சந்தை மலாயைக் கலந்து பேசுவார். அவர் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன். குழாயைத் தானே வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி மாதிரி இருக்கு லா. என் ரெசின் எங்கே போச்சு?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. முந்தைய ஆண்டு ஆலையில் சைலீன் காணாமல் போய், ஓர் ஆளை வெளியே அனுப்பியிருந்தார்கள். கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறைகளில் சைலீனுக்கு நல்ல விலை. அன்றிலிருந்து கரைப்பான் டிரம்கள் நிற்கும் முற்றத்துக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கெட்டில் ஆப்பரேட்டரிடம் கொடுத்திருந்தார்கள். சரக்கு நீர்த்துப் போனால் ஆலையில் யாரும் வேதியியலைப் பற்றிப் பேசமாட்டார்கள். சாவி யாரிடம் என்றுதான் பார்ப்பார்கள்.

மேலாளர் மைத்துனனைப் பார்த்தார். நான் ஜாலான் புசாரை நினைத்தேன்.

ரெசின் குறைந்திருக்கிறதா என்று அறிய ஒரு நேரான வழி உண்டு. சிறு தட்டில் மாதிரியை நிறுத்து, அடுப்பில் காயவைத்து, கரைப்பான் பறந்த பிறகு மிஞ்சுவதை நிறுக்க வேண்டும். செய்தேன். மிஞ்ச வேண்டியது முழுதாக மிஞ்சியது. கெட்டிலில் ரெசின் ஒரு துளியும் குறையவில்லை. எல்லாம் இருக்கிறது, ஆனாலும் தண்ணீராக ஓடுகிறது. நான் தட்டைச் சந்தேகப்பட்டேன். வேறு தட்டு எடுத்தேன். தராசைச் சந்தேகப்பட்டேன். எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்தேன். மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"அவன் உன் மைத்துனன். இது உன் தராசு," என்றார். "நான் எதை நம்புவது?"

"நீங்களே நிறுத்துப் பாருங்கள்," என்றேன்.

அவரே நிறுத்தார். அதே விடை. அவர் முகம் தெளியவில்லை, இன்னும் இறுகியது.

"சரி, ரெசின் இருக்கிறது. சைலீன் இருக்கிறதா? சைலீனை விற்றுவிட்டு, அதற்குப் பதில் மலிவாக எதையோ ஊற்றியிருந்தால்?"

கெட்ட எண்ணமாக இருந்தாலும் நல்ல கேள்வி. எனக்கே அதே கேள்வி வந்திருந்தது, அவர் முந்திக்கொண்டார். மாதிரியை முகர்ந்தேன். அக்ரிலிக் வாடை மற்ற எல்லாவற்றையும் மூடியிருந்தது. அந்த வேலை நடக்கும் நாளில் ஆலையில் எவர் மூக்கும் எதற்கும் உதவாது.

மேலாளர் மைத்துனனிடம் கையை நீட்டினார். அவன் இடுப்பு வளையத்திலிருந்து முற்றத்துச் சாவியைக் கழற்றிக் கொடுத்தான். மறுநாள் காலையில் என் அறிக்கை வேண்டும், அதுவரை அவன் கெட்டில் பக்கம் வரக்கூடாது என்றார் மேலாளர். அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் போலீசா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவதாகவும் சொன்னார். சாவியைப் பேனாக்களோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். டிரம்களைத் திறந்து பார்க்க அன்று எனக்கு வழியில்லாமல் போனது.

"நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா அத்தான்?" என்று கேட்டான் மைத்துனன்.

"நான் இன்னும் எதுவும் நெனைக்கல."

"நெனைக்காம இருக்கிற ஆளா நீங்க? இந்த ஆலையில நீங்க சந்தேகப்படாத ஒரே ஆளு உங்க தராசுதான்னு நெனச்சேன். இன்னிக்கு அதையும் விட்டுவைக்கல."

திரும்பி நடந்துவிட்டான். மாலைப் பேருந்தில் அவன் ஏறவில்லை.

நான் மாதிரிப் புட்டியைச் சாப்பாட்டுத் தூக்கோடு வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேருந்தின் சன்னலோரம் அதைப் பிடித்துப் பார்த்தேன். வெயிலுக்கு எதிரே தூக்கினால், பால் வழியாகச் சூரியன் ஆரஞ்சாகத் தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பில் மெல்லிய நீலம். அடியில் எதுவும் படியவில்லை, மேலே எதுவும் பிரியவில்லை. கடைச் சரக்கில் தண்ணீர் கலந்து ஏமாற்றினால் இத்தனை மணி நேரத்தில் பிரிந்திருக்கும். ஏமாற்று வேலை இவ்வளவு ஒழுங்காக இருக்குமா என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் அம்மா தொலைபேசியில் அழுதிருக்கிறார்.

"என் தம்பியைத் திருடன்னு சொன்னாங்களாமே. நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்களாம்."

"திருடன்னு யாரும் சொல்லல. சாவியை வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்? பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அந்த டின்ல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா நான் சொல்றேன்."

"அவன் சாயங்காலம் கோயில்ல இருப்பான். பெஞ்சுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறாங்க, ஈஸ்டருக்கு. போய் உங்க மூக்கால கேட்டுக்குங்க."

எங்கள் பங்குக் கோயிலுக்கு நடந்தே போகலாம். பின்முற்றத்தில் பெஞ்சுகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். மைத்துனன் ஒருவன்தான் குந்தியிருந்து தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அதே டின். நான் டின்னின் மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

"நல்லா மோந்து பாருங்க," என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

வாழைப்பழ வாசனை. சைலீனுக்கு அந்த வாசனை கிடையாது. இது கார் வண்ணத்தில் கலக்கும் தின்னர். எங்கள் ஆலையில் இல்லாத சரக்கு.

"ஞாயித்துக்கிழமை இதைத்தான் வாங்குனியா?"

"பழைய வார்னிஷை எடுக்க வேற எதுவும் கேக்கல. ஃபாதர்தான் காசு குடுத்தார். பட்டறைல இருந்து வர்றப்ப நீங்க எதிர்ல வந்தீங்க, கையை ஆட்டுனேன். நீங்க என்னைப் பாக்காம டின்னைப் பாத்துட்டுப் போயிட்டீங்க." தூரிகையை உதறினான். "சந்தேகமா இருந்தா உள்ள ஃபாதர் இருக்கார். அவரையும் மோந்து பாத்துட்டுப் போங்க."

ஒரு சந்தேகம் அத்தோடு முடிந்தது. ஆனால் மேலாளரின் சந்தேகம் முடியவில்லை. டின்னில் சைலீன் இல்லை என்பதால் கெட்டிலில் சைலீன் இருந்தது என்று ஆகிவிடாது. கவிழ்த்துப் போட்ட பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மாதிரிப் புட்டியை வெளியே எடுத்தேன். முன்னால் தின்னரும் மண்ணெண்ணெயும் இருந்தன. தின்னர் சைலீனைப்போல வலுவான கரைப்பான். மண்ணெண்ணெய் வலுவற்றது. எங்கள் ஆலையில் அதற்கு நெருங்கிய உறவு வைட் ஸ்பிரிட். முற்றத்தில் சைலீன் டிரம்களுக்குப் பக்கத்து வரிசையில் நிற்பதும் அதுதான்.

"ரெண்டு கிளாஸ் குடு."

மெழுகுவத்தி எரிந்து தீர்ந்த சிறு கண்ணாடிக் கோப்பைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவற்றில் இரண்டைத் துடைத்துக் கொடுத்தான். "அக்கா பாத்தா உங்களைக் கொன்னுடும்," என்றான். அன்று முதல் முறையாக அவன் குரலில் பழைய கிண்டல் கேட்டது.

இரண்டிலும் பாலை ஊற்றினேன். ஒன்றில் மண்ணெண்ணெய் விட்டுக் குச்சியால் கலக்கினேன். பால் பாலாகவே இருந்தது. மற்றதில் தின்னரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முதலில் ஓரம் மங்கியது. பிறகு வெள்ளை உள்பக்கமாகச் சுருங்கி, சட்டென்று கலைந்து, கோப்பையின் அடிப்பாகம் தெளிவாகத் தெரிந்தது. குச்சியைத் தூக்கினேன். நூல் விட்டு இழுத்தது. தண்ணீராக ஓடியது தேனாகிவிட்டது. தின்னரை விட்டால் எதுவும் நீர்க்கத்தான் வேண்டும், இது கெட்டியானது.

"மாயமா இருக்கே அத்தான்."

"பேசாத. மண்ணெண்ணெயை எடு."

அந்தத் தேனில் மண்ணெண்ணெயைச் சொட்டச் சொன்னேன். அவன் கெட்டிலில் விடுவதுபோலவே பொறுமையாகச் சொட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோப்பைக்குள் மெல்லிய நீலம் பரவியது.

"இதான்!" என்று கத்தினான். "காலைல பாத்தது இதான் அத்தான்! இந்த நீலம்தான்!"

மேலும் சில சொட்டுகள். நீலம் வெளுத்து முழுப் பாலாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் மாலைநேர வகுப்பில் படித்தது அப்போதுதான் எனக்குப் பொருந்தி வந்தது. சீப்பின் பற்கள் ஆமணக்கெண்ணெய் வழிவந்தவை. வலுவற்ற கரைப்பானிலும் அவை சுகமாக நீட்டிக்கொண்டிருக்கும். முதுகுக்கு அந்தக் கரைப்பான் ஆகாது. சைலீனில் இரண்டும் சமாதானமாக இருப்பதால் சீப்புகள் தனித்தனியாக விரிந்து, ஒன்றோடொன்று சிக்கி, தேன்போல் கெட்டியாகும். வைட் ஸ்பிரிட்டில் முதுகு குட்டையாக இருக்கும்வரை சமாளிக்கும். சொட்டுச் சொட்டாக அது நீள நீள, ஒளிந்துகொள்ள இடம் தேடும்.

சிராங்கூன் சாலையில் திடீரென்று மழை பிடித்தால் பார்த்திருக்கிறேன். குடையில்லாதவர்கள் ஒருவரோடொருவர் நெருங்கி நடுவில் ஒடுங்குவார்கள். குடை வைத்திருப்பவர்கள் தாமாகவே வெளிவட்டமாவார்கள். யாரும் உத்தரவு போடுவதில்லை. முதுகுகள் அப்படி உள்ளே ஒடுங்க, பற்கள் வெளியே விரிய, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் கெட்டிலுக்குள்ளேயே, ரெசின் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, தாமாகக் கட்டிக்கொண்டன. ஒளியின் அலையைவிடச் சிறியதாக அவை இருந்தபோது மைத்துனன் நீலத்தைக் கண்டான். வளர்ந்தபோது வெள்ளையைக் கண்டான். ஓர் உருண்டையின் பற்கள் அடுத்ததை ஒட்டவிடாததால் எதுவும் அடியில் படியவில்லை. ஒன்றையொன்று பிடிக்காமல் உருண்டு போவதால் தண்ணீராக ஓடியது. சுடுதட்டில் கரைப்பான் பறந்ததும் உருண்டைகள் உருகி ஒன்றாகிவிட்டதால் ஏடு தெளிவாகக் காய்ந்தது. அந்தப் பாலில் எதுவும் குறையவில்லை, கெட்டுப்போகவும் இல்லை.

இதை நான் அவனுக்குச் சொன்னபோது அவன் பாதிவரை சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"அப்ப கெட்டில்ல இருந்தது சைலீன் இல்ல."

"இல்ல."

"அப்ப மேனேஜர் சொன்னதுதான் சரி. யாரோ மாத்தியிருக்கான்."

"யாரோன்னு அவர் சொல்லமாட்டார். சாவி உன்கிட்ட இருந்துச்சு."

"நான் மஞ்சள் மூடியைத்தான் தொறந்தேன் அத்தான். கண்ணால பாத்துத் தொறந்தேன்."

எங்கள் முற்றத்தில் டிரம்களுக்குச் சீட்டு ஒட்டினால் மழையில் ஊறிப் போய்விடும். அங்கே வேலை பார்ப்பவர்கள் படிக்கிற எழுத்தும் ஒன்றல்ல. அதனால் டிரம்மின் மேல்திருகு மூடிக்கு நிறம் அடிப்பது வழக்கம். மஞ்சள் என்றால் சைலீன், பச்சை என்றால் வைட் ஸ்பிரிட். சரக்கு வந்து இறங்கும்போதே நான் ஒவ்வொரு டிரம்மையும் சோதிப்பேன். அதற்குப் பிறகு எல்லோரும் மூடியைத்தான் படிப்போம்.

"அந்த மூடிங்களுக்கு யாரு பெயின்ட் அடிச்சது?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு நினைவு வந்துகொண்டிருந்தது.

"சீனப் புத்தாண்டுக்கு முன்னாடி. நிறம் மங்கிப்போச்சு, பெரிய முதலாளிங்க வர்றாங்க, முற்றம் பளிச்சுன்னு இருக்கணும்னு மேனேஜர்தான் வெளியாளுங்களைக் கூப்பிட்டார். எல்லா மூடியையும் கழட்டி, டிரம் வாயில துணியை அடைச்சாங்க. டிரம்மையும் உருட்டி உருட்டி நேரா அடுக்குனாங்க. சாயங்காலம் மூடி காஞ்சதும்..." அவன் நிறுத்தினான். "காஞ்சதும் எடுத்து மாட்டிட்டாங்க."

துணி அடைத்த டிரம்களின் வரிசையில் எதில் எது இருந்தது என்று வெளி ஆட்களுக்கு எப்படித் தெரியும்? அழகாக, ஒரு வரிசைக்கு மஞ்சள், ஒரு வரிசைக்குப் பச்சை என்று மாட்டியிருப்பார்கள். அதன்பிறகு நாங்கள் செய்த ரெசின்கள் எல்லாம் பழைய வகை. இரண்டு கரைப்பானிலும் கரைபவை. ஒன்றும் வெளுக்கவில்லை. இந்தச் சீப்புதான் கண்டுபிடித்தது.

ஆனால் இது இன்னும் ஊகம்தான். மூடி மாறியிருந்தால், காணாமல் போனதாகச் சொல்லும் சைலீன் பச்சை மூடிக்குக் கீழே பத்திரமாக இருக்க வேண்டும். திருட்டு நடந்திருந்தால் அங்கேயும் இருக்காது. மைத்துனனும் அதையே நினைத்தான் என்று தெரிந்தது.

"பச்சையிலயும் இல்லாட்டி?" என்றான்.

"இல்லாட்டி இல்லைன்னு எழுதுவேன்."

"தெரியும்," என்றான். தூரிகைகளைக் காகிதத்தில் சுற்றினான். "அதனாலதான் நீங்க அளக்குறப்ப நானும் நிக்கணும்."

வீட்டில் மனைவி சோறு வைத்தாள். டின்னில் தின்னர் என்று மட்டும் சொன்னேன். "மோந்து பாத்தாச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். மீன் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தாள். அறிக்கைக்கு எடுத்த தாளில் தேதியை மட்டும் எழுதி, மிச்சத்தை வெறுமையாக விட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஹைட்ரோமீட்டரைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அடியில் கனம் வைத்த அந்தக் கண்ணாடி மிதவை, அடர்ந்த சைலீனில் உயர்ந்து நிற்கும். இலேசான வைட் ஸ்பிரிட்டில் கழுத்துவரை இறங்கிவிடும். மேலாளர் பூட்டைத் திறந்தார். மைத்துனனை வாயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள், அவனும் வர வேண்டும் என்று சொல்லி அழைத்துக்கொண்டேன். முதலில் ஒரு மஞ்சள் மூடி. சரக்கை உயரக் கண்ணாடிக் குவளையில் எடுத்து மிதவையை விட்டேன். கழுத்துவரை இறங்கியது. மேலாளர் மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்க்கவில்லை, மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தான். குவளையைக் காலி செய்து துடைத்தேன். பச்சை மூடியைத் திருகினேன். திறந்தவுடன் வாசனை வந்துவிட்டது, ஆனாலும் அளந்தேன். மிதவை அமிழ்ந்து, குதித்து, சைலீன் கோட்டில் உயர்ந்து நின்றது.

மேலாளர் குனிந்து கோட்டைப் படித்தார். விரலைக் குவளையில் தொட்டு முகர்ந்தார். பளிச்சென்று நின்ற பச்சை மூடிகளின் வரிசையை ஒருமுறை நெடுகப் பார்த்தார். சட்டைப்பையில் பேனாக்களுக்கு நடுவிலிருந்து சாவியை எடுத்து மைத்துனனிடம் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை.

"அத்தான், மொதல்ல எல்லாத்தையும் அளந்து முடிங்க," என்றான் என்னிடம். "ஒண்ணு விடாம. அப்புறம் வாங்கிக்கிறேன்னு அவர்ட்ட சொல்லுங்க."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மேலாளர் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மைத்துனன் அடுத்த மூடியைத் திருகினான்.